நீ ஒளித்து வைத்த பாடு முறை

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் இறால் வாடைதான் வருகிறது. எழுத்தைத் தட்டினால் அடியில் மணல் நறநறக்கிறது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மணல் மட்டும் போகவில்லை. நேற்று முழுக்க இதன் முன்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோபம் இன்னும் ஆறாததால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சங்கத்துக்காக நீ செய்த இணையதளத்தின் தோற்றத்தை, ‘தீம்’ என்பாயே அதை, மாற்றினேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து; போனில் பார்த்தால் பாதி வரி வெளியே ஓடிவிடும். "ஆட்டோ பின்னாடி எழுதுன மாரி இருக்குதுடா" என்று நான் சொல்லும்போதெல்லாம், "வெயில்ல படகு மேல நின்னு பாரு, அப்பொ தெரியும்" என்பாய். நீ இருந்தவரை ஜெயிக்க முடியாத சண்டையை, நீ இல்லாதபோது ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறு மாலை வெள்ளையும் நீலமுமாக ஒரு புதுத் தீம் போட்டேன். படங்கள் அழகாக வந்தன. பெருமையாகத்தான் இருந்தது.

விடிந்ததும் செல்வியக்கா போன் செய்தாள். "இன்னாடா, இன்னிக்குப் பாடு யாருதுன்னு போட்டிருந்த எடத்தையே காணோம்?"

பார்த்தேன். பட்டியலே இல்லை. ஏரியில் எந்த நாள் எந்த வீட்டார் எந்த இடத்தில் வலை விடலாம் என்ற முறைதானே நம் பாடு. அதைப் பார்க்கத்தான் ஊரே அந்தத் தளத்துக்கு வருகிறது, என் நீலத்தைப் பார்க்க அல்ல. வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுத்து எழுதும் முறை சங்கத்து நோட்டில் இருக்கிறது. ஆனால் நடுவில் மாற்றிக்கொடுத்ததெல்லாம் உன் பட்டியலில் மட்டும்தான். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தவறிப்போன முறைக்குப் பதிலாக நேற்றைய திங்களைப் போட்டுக்கொடுத்தவன் நீ. நோட்டில் அது வேறு வீட்டு நாள். இரண்டு படகும் ஒரே இடத்துக்குப் போய்விட்டன.

"அவன் எழுதி வெச்சிருந்தான், ஊரே பாத்துச்சு" என்று அக்காவின் மகன் சொல்லியிருக்கிறான். "எங்க இருக்குது, காட்டு" என்றிருக்கிறார்கள் மற்றப் படகுக்காரர்கள். காட்ட அவனிடம் என்ன இருந்தது? வெறும் படகோடு திரும்பி வந்தான்.

பக்கம் பக்கமாகத் தேடினேன். மதியம்தான், பொன்னேரி ஸ்டேஷனில் நாம் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் எவனோ பட்டியலில் இரண்டு பெயரை இடம் மாற்றிவிட்டிருந்தான். "பத்துப் பேர்ட்ட பாஸ்வேர்டு இருக்குது. இனிமே எவனும் நோண்ட முடியாத எடத்துல வெக்கிறேன் பாரு" என்றாய். நான் சமோசா தின்றபடி தலையாட்டினேன். எந்த இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. பட்டியலைக் கொண்டுபோய்த் தீமின் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பான் ஒருவன் என்று யார் நினைப்பார்கள்? நீ சுவரில் எழுதிவைத்தாய். நான் சுவரையே இடித்துவிட்டேன்.

உன் பழைய தீம் திரும்ப வந்ததும் மஞ்சள் எழுத்தில் பட்டியல் வந்து நின்றது. நேற்றைய தேதிக்கு நேரே செல்வியக்காவின் பெயர். சங்கத்தில் காட்டினேன். வருகிற வெள்ளிக்கிழமையை அவளுக்குக் கொடுத்தார்கள். நேற்று ஓடிய இறால் வெள்ளிக்கிழமையும் ஓடுமா என்று யாரும் சொல்லவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. "உன் சிநேகிதன் இருந்தா இப்டி ஆவுமா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமையை எழுதக் கோப்பைத் திறந்தேன். பட்டியலுக்கு மேலே, தளத்தில் யாருக்கும் தெரியாதபடி ஒரு வரி. எனக்காகவே எழுதியிருக்கிறாய்: "தீம் மாத்தப் போறியா? தொடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுடா."

எப்படிக் கேட்பது? உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அடித்தால், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறாள் எவளோ ஒருத்தி. மஞ்சள் எழுத்தை இனி மாற்றப்போவதில்லை, நீயே ஜெயித்துக்கொள். அக்காவின் பெயரைப் போடும் முன் வாய்விட்டே உன்னைக் கேட்டேன். இனி ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். ஒரு தடவையாவது பதில் சொல்லித் தொலையேன்டா.