மேல்தட்டில் கிடந்த மஞ்சள் துண்டு

அன்பு மகன் கிரித்துக்கு அம்மா சம்ருவாய் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி பிம்மும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கோம். நீயும் மாய்கெயும் அவள் பொறந்த அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கணும்னு புத்தரை வேண்டிக்கிறேன். இதுக்கு அடுத்த வரியில் மனசும் சுகம்தான்னு எழுதுறது வழக்கம், இந்தத் தடவை அந்த வரி எனக்கு வரல. நான் நாலாவதோட நின்னவள், எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துப் படி. பிம் தான் எழுதித் தர்றேன்னு உட்கார்ந்தாள், வேண்டாம்டி நீ போய் வாழைப்பழத்தை நறுக்குன்னு அனுப்பிட்டேன். போனில் பேசிடலாமேன்னு நீ கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நீ இன்னைக்கு என்னம்மா சமையல்னு சிரிப்பாய், நானும் புளிக்குழம்புன்னு சொல்லிட்டு வச்சிடுவேன். இப்படியே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

மழை விட்டாச்சு. தண்ணி தெளிஞ்சு அடிமணல் தெரியுது. துறையில் தினமும் கப்பல் வந்து முதுகில் மூட்டை தூக்கின வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கொட்டிட்டுப் போகுது. பழைய கதைதான், வந்த அன்னைக்கே வண்டி வாடகைக்கு எடுத்து மேட்டில் விழுந்து முழங்கால் தோல் உரிச்சுக்கிட்டு நம்ம கடைக்கு முன்னால் நொண்டுறதுங்க. நேத்து ஒருத்தன் காலில் கட்டோட வந்து இந்தக் காலோட கடலுக்குள்ள இறங்கலாமான்னு என்னைக் கேட்கிறான். இறங்குப்பா, மீனுக்கும் பசிக்கும்ல, அப்படின்னு பிம் சொன்னாள். அவன் புரியாமல் தலையாட்டி ரெண்டு ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் போனான். நம்ம வேலியெல்லாம் மறுபடி நீச்சல் உடுப்புதான், சொட்டச் சொட்டக் காயப்போட்டிருக்காங்க, கறுப்புப் பேய்கள் தலைகீழாத் தொங்குற மாதிரி. பிம்மைப் பெண் கேட்டு அக்கரைச் சும்போன் ஊரிலிருந்து வந்திருக்காங்க, பையன் ஐஸ் ஆலையில் வேலை, நல்ல மாதிரி. அண்ணன் வந்தால்தான் பேச்சுன்னு அவள் சொல்லிட்டாள். நீ அங்கே குளத்தில் வெந்நீர் நிரப்பி முங்கச் சொல்லித் தர்றாயாமே, தானோம் பெரியப்பாகிட்ட சொன்னேன், அவர் சிரி சிரின்னு சிரிச்சார். அதுல மீன் இருக்கா, இல்ல சுண்டவச்ச சூப்பான்னார். அப்புறம் அவரே சிரிப்பை நிறுத்திட்டுக் கயித்தைச் சுருட்டப் போயிட்டார்.

சரி, சுத்தி வளைக்கிறேன், உனக்கே தெரியும். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கடைக்கு வந்தாள். முன்னே தலையை மொட்டை அடிச்சிருப்பாளே, பிர்த்தே, தினமும் காலையில் அரிசிக் கஞ்சியில் மிளகாய் அள்ளிப் போட்டுக் கண்ணில் தண்ணி வர வரக் குடிப்பாள், அவளேதான். இப்போ முடி வளர்ந்திருக்கு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நம்ம பேச்சு அப்பவே கொஞ்சம் புரியும், இப்போ பேசவும் கத்துக்கிட்டிருக்காள். குழந்தையை என் மடியில் வச்சிட்டு, அம்மா, உங்க வீட்டுக்காரரை நான் மறக்கவே இல்ல, அந்தத் துண்டை விலக்கிப் பாருன்னு அவர் அன்னைக்குச் சொன்னாரே, பார்த்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பார்ல, அப்படின்னாள். எந்தத் துண்டுன்னு கேட்டேன். அவள் முகம் மாறிப்போச்சு. எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சிருக்காள் பாவம். குழந்தையை வாங்கிக்கிட்டுக் கிளம்பப் பார்த்தாள், நான் விடல. உட்காரும்மா, கஞ்சி ஆறிப்போகும், குடிச்சிக்கிட்டே சொல்லுன்னேன்.

அப்பா போன அன்னைக்கு அவளும் உங்க படகில் இருந்தவள்தானே, அவள் சொன்னதை உனக்கே சொல்றேன், தப்பிருந்தால் நீ திருத்து. அன்னைக்குப் பாறையில் ரெண்டாவது முங்கு முடிஞ்சு எல்லாரும் ஏறியாச்சு. அப்பா சுக்கானைப் பிடிச்சிக்கிட்டு ஆஜர் எடுடான்னார். நீ பேர் வாசிச்சாய். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாயால் சொன்னாங்க. அந்தத் தாடிக்காரப் பையன் யானிக் பேர் வந்தப்போ பதில் இல்ல. மேல்தட்டில் மஞ்சள் துண்டு போர்த்தி யாரோ படுத்த மாதிரி இருந்தது, மேலே தொப்பி வேற. அவன் தினமும் அங்கேதான் தூங்குவான். மேல தூங்குறான்ப்பா, அவனுக்கு நான் சொல்றேன், ஆஜர்னு சொன்னாய். அப்பா, அவன் வாயால சொல்லட்டும், துண்டை விலக்கிப் பாருன்னார். நீ சிரிச்சாயாம். என் மேல நம்பிக்கை இல்லையாப்பா, சாயங்காலப் படகு போயிடும், பாறையில கட்டின கயித்தை அவுங்கன்னு சொன்னாயாம். பௌர்ணமி ஆட்டத்துக்குப் பக்கத்துத் தீவுக்குப் போற படகு. மாய்கெ துறையில் காத்துக்கிட்டிருந்தாள், எனக்கும் தெரியும், நான்தான் உன் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வச்சிருந்தேன். அப்பா உன்னை ஒரு பார்வை பார்த்துட்டுக் கயித்தை அவுத்தார். தன் மகன் வாயை நம்பி அவுத்தார் கிரித். ஊரில் எல்லாப் படகுக்காரங்களும் உன் அப்பாவை, விச்சியன் வாத்தியார் படகுல பள்ளிக்கூடம் நடத்துறான்டான்னு கேலி பண்ணுவாங்களே, அப்போகூடப் பேர் கேட்காமல் ஒரு தடவை கயித்தைத் தொட்டதில்லை. அவர் நம்பின ஒரே ஆளு நீதான்.

பாதி வழியில் காத்து துண்டைத் தூக்கிப் போட்டுச்சு, அடியில் வெறும் மூட்டை. அதுக்கப்புறம் நடந்ததும் எனக்குப் புதுசுதான். நீ என்கிட்ட சொன்னது அப்பா தேடி இறங்கினார்ங்கிறது மட்டும்தானே. படகைத் திருப்பி வந்து தண்ணி மேலே தேடிப் பார்த்து ஆளைக் காணோம். பாறைக்குப் பின்னால் அந்தக் கிழிஞ்ச வலை கிடக்கே, அதில் மாட்டிக்கிட்டானோன்னு அப்பா பயந்திருக்கார். நீ முதுகில் கட்டுற காத்துத் தொட்டியைத் தூக்கினாயாம். அப்பா உன் கையிலிருந்து பிடுங்கி, நீ காலையில இருந்து ரெண்டு தடவை இறங்கி ஏறினவன், உடம்பெல்லாம் காத்து, மறுபடி போனா கை கால் விளங்காமப் போயிடும்டா, இந்தப் படகுல இறங்காத உடம்பு என்னோடது ஒண்ணுதான்னு சொல்லிட்டுக் குதிச்சிருக்கார். உன்னைத் திட்டல. ஒரு வார்த்தைகூடத் திட்டலன்னு அந்தப் பொண்ணு சொல்லி அழுதாள். அந்த யானிக் அதே நேரம் பக்கத்துப் படகில் தப்பா ஏறி, டீ குடிச்சிக்கிட்டுத் துறைக்கு வந்துக்கிட்டிருக்கான். அவன் வந்து இறங்கினதை நான்தான் கண்ணால் பார்த்தேன். அப்பாவை மறுநாள் அந்த வலையிலிருந்து தானோம் பெரியப்பாதான் அறுத்து எடுத்தார்.

முங்கு கடைக்காரர் கேட்டார், போலீஸ் கேட்டாங்க, படகுக்காரங்க கேட்டாங்க, நானும் கேட்டேன். அப்பா அவசரப்பட்டுட்டார், பேர் வாசிக்கிறதுக்குள்ள கயித்தை அவுத்துட்டார், இதுதான் நீ எல்லாருக்கும் சொன்னது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அடுத்தடுத்த கப்பலில் போயிட்டாங்க, அவங்ககிட்ட நம்ம பேச்சில் யாரும் கேட்கவும் இல்ல. தப்பு பண்றது மனுசனுக்கு வரும்டா. துண்டைப் பார்த்து ஆளுன்னு நினைச்சதை நான் அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். உன் வயசில் ஆட்டத்துக்கு ஓடாதவன் யாரு. எனக்கு ஆறாதது அதுக்கு அப்புறம் வந்தது. எரிக்கிற அன்னைக்கு நீ அப்பாவுக்காகத் தலை மழிச்சுக் காவி கட்டினாய். அவர் பெட்டியில் கட்டின வெள்ளை நூலைப் பிடிச்சுக்கிட்டு முன்னால் நடந்தாய். பொய் சொல்ல மாட்டேன்னு பிக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லித்தானே அந்தக் காவியை வாங்கினாய்? அன்னைக்கு ஒரு நாள் நீ துறவி, தாயானாலும் நான் உன்னைத் தொடக் கூடாது. தூரமா நின்னு உன்னைக் கைகூப்பிக் கும்பிட்டேன். பெத்த பிள்ளையைத் தரையில் விழுந்து கும்பிட்டேன்டா. அந்தக் கும்பிடை நீ வாங்கிக்கிட்டு நின்னாயே, அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். உன் அப்பாவுக்குப் புண்ணியம் சேர்க்கப் போட்ட காவிக்குள்ளே அவரைக் குற்றவாளியா வச்சுக்கிட்டு எப்படி நடந்தாய்?

காரியம் முடிஞ்சதும் நான் பூவும் ஊதுபத்தியும் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேன். அவரால் நம்ம துறைக்கே கெட்ட பேருன்னு எல்லாரும் பேசினாங்க, அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். எந்தத் தப்பும் பண்ணாத மனுசனுக்காக. தானோம் பெரியப்பா பூவை வாங்கவே இல்ல. விச்சியன் ஆஜர் எடுக்காம அவுத்தானா, கடலே வத்திப்போச்சுன்னு சொல்லு, நம்புறேன், இதை நம்ப முடியலம்மா, ஆனா பெத்த மகன் வாயாலேயே சொல்றானே, நான் என்ன செய்யன்னார். அந்த வருஷமும் போன வருஷமும் படகு முகப்பு அம்மனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை துணி கட்டுற அன்னைக்குச் செத்துப்போன படகுக்காரங்க பேரெல்லாம் சொன்னாங்க. குடிச்சுக் குடிச்சே செத்தானே ஆசாரி வீட்டுக்காரன், அவன் பேரைக்கூடச் சொன்னாங்க. உன் அப்பா பேரைச் சொல்லல. அவர் படகு முகப்பில் இருக்கிற அம்மனுக்குக் கட்டின துணி வெயிலில் வெளுத்துப்போய் வெறும் கந்தலா ஆடுது. இப்போ வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்த முகப்பு மேலேயே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்குதுங்க. ஏய், அம்மா தலையில உட்காராதேன்னு அதட்ட அவர் இல்ல. நான் அதட்டப் போய், எனக்கு அதுக்கு யோக்கியதை இல்லைன்னு கடைக்குள்ளே திரும்பிடுறேன்.

பிர்த்தே சொன்னதை இதுவரை நான் யாருகிட்டயும் சொல்லல. பிம்முக்கும் தெரியாது. ஓடிப்போய்த் தானோம் பெரியப்பா காதில் போட்டுடலாம்னு எத்தனையோ தடவை செருப்பை மாட்டினேன். மாட்டிட்டுத் திண்டாடி நின்னு கழட்டிட்டேன். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் பதில் சொல்லக் கூடாதுங்கிறதுதான் அவர் சட்டம். உனக்காக ஒரே ஒரு தடவை அதை மீறினதாலதான் அவர் செத்தார். உனக்காக நான் சொன்னால் நானும் அதே தப்பைத்தான் பண்றேன். ஆனால் ஒண்ணு, அவர் பேரை இன்னொரு வருஷம் சேத்தில் கிடக்க விட மாட்டேன். வர்ற மாசம் பௌர்ணமிக்கு மறுநாள் துணி கட்டுறாங்க. அதுக்குள்ள நீ வா. மாய்கெயைக் கூட்டிட்டு வா, அவள் மேல் எனக்குக் கோபம் இல்ல, அவளுக்குப் பிடிச்ச மாம்பழச் சோறு செஞ்சு வைக்கிறேன். துறையில் எல்லாப் படகுக்காரங்க முன்னாலும் நின்னு நீ சொல்லணும். அவங்க திட்டுவாங்க. ஒருவேளை தானோம் பெரியப்பா அடிப்பார். அடிச்சால் வாங்கிக்கோ, நான் குறுக்கே வர மாட்டேன், அப்புறம் மருந்து போட்டு விடுறேன். நீ வரலைன்னா அன்னைக்கு நானே எழுந்து சொல்லிடுவேன். அப்பா பேர் நிமிர்ந்துடும். ஆனால் அது அம்மா சொன்னதாத்தான் இருக்கும், நீ சொன்னதா ஆகாது. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் நீ அந்தத் துண்டுதான், மேலே தொப்பி, உள்ளே ஆள் இல்ல.

ராத்திரி தூக்கம் வரலம்மான்னு போன தடவை சொன்னாயே. குளிர்னால்னு நினைச்சேன். கம்பளி அனுப்பலாமான்னு பிம்மைக் கேட்டேன் பார், நான் ஒரு முட்டாள். அங்கே வெறும் வயித்தோட படுக்காதே, கஞ்சி வச்சுக் குடி. காதில் தண்ணி போனால் வெந்நீர் குளமா இருந்தாலும் துடைச்சுக்கோ, சின்னதிலேயே உனக்குச் சீழ் வரும்.

கடிதத்தை முடிக்கிறப்போ உன்னை ஆசீர்வாதம் பண்ணணும். கை தூக்கித்தான் இருக்கு, வார்த்தை வரல. நீ துறையில் இறங்கினதும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி நேரிலேயே சொல்றேன், அதுவரைக்கும் அது என்கிட்டயே இருக்கட்டும். நல்ல தெய்வமெல்லாம் உன்னை முழுசாக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
விச்சியன் பெண்சாதி, உன் அம்மா
சம்ருவாய்

மறந்துடாதே: துணி கட்டி முடிஞ்சதும் அப்பா படகில் ஏறி அந்தப் பாறைக்குப் போய்ப் பூ போடணும். கிளம்புறதுக்கு முன்னால் நான்தான் ஆஜர் எடுப்பேன். உன் பேரைக் கூப்பிடுவேன். நீ அங்கே இருந்தாலும் இல்லாட்டியும் கூப்பிடுவேன். உனக்காக யாரும் பதில் சொல்ல விட மாட்டேன், நானும் சொல்ல மாட்டேன். உன் வாயால் கேட்கிற வரைக்கும் அந்தக் கயித்தை நான் அவுக்கிறதா இல்ல.