நனைந்த இரண்டு கூரைகளும் நடுவில் எரிந்த வீடும்

மச்சான்,

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. எனக்கு எழுதப் படிக்க வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'ழ' வரும் இடத்தில் பென்சில் வழி தெரியாதவன் மாதிரி சுற்றுகிறது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு பீடி அணைந்துவிடுகிறது. இருந்தாலும் சொல்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை நானே பலகையில் எழுதிவிட்டு வந்து சொன்னேன். என் தங்கை, அதாவது உன் பெண்டாட்டி, "அண்ணனுக்கு மறுபடியும் பால்பல்லு மொளைச்சிருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எழுதக் கற்றுக்கொண்டதும் முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். நல்ல சேதியாக எழுத நினைத்தேன். இன்று கோபத்தில் எழுதும்படி ஆகிவிட்டது.

என் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அந்த வாசனை போகவில்லை. போளூரிலிருந்து அதிகாரிகள் வந்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் தீயணைக்கும் வாளிகளை வரிசையாக மாட்டிவிட்டுப் போனார்கள். சாயம் காயாமலே கொண்டுவந்திருக்கிறார்கள். நீ ஆரம்பித்து வைத்த நம் தீப்படைக்கு இப்போது நான்தான் மூத்தவன் என்பதால் என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஊர்க்கவுண்டர் பேச எழுந்தார். அதே கவுண்டர்தான், இன்னும் திடமாக இருக்கிறார். "எங்க ஊர்ப் படை யார் வூடுன்னு ஒரு நாளும் பாத்தது இல்லீங்க. தப்பட்டை கேட்டா ஓடிடுவாங்க" என்றார். அதிகாரிகள் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "கவுண்டரே, அன்னைக்கு நடுவுல எரிஞ்சது யார் வூடு?" என்று கேட்டேன். அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரியவருக்கு வெயில் ஏறிடுச்சு, நிழல்ல உக்கார வைங்க" என்று கவுண்டர் சொன்னார். உட்கார வைத்தார்கள். எல்லோரும் டீ குடித்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்துவிட்டேன்.

நீ படையைச் சேர்த்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். கீழண்டை வரிசை முழுவதும் ஒரே மத்தியானத்தில் சாம்பலான வருஷம் அது. அதுவரை தீ என்றால் அவரவர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். நீதான் வீடு வீடாகப் போய், வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டாய். தருகிற வரைக்கும் வாசலை விட்டு நகரமாட்டாய். கடன்காரன்கூட இப்படி உட்காரமாட்டான் என்று பெண்கள் திட்டினார்கள். அந்தப் பெண்களையே சுனையிலிருந்து குடம் கைமாற்றும் வரிசையில் நிறுத்தினாய். துறட்டியால் கூரைப் புல்லை இழுத்துத் தள்ள நான்கு பேர், பச்சைத் தழையால் அடிக்கச் சிலர், பக்கத்துக் கூரைகளை நனைக்கச் சிலர். சாமை அறுத்து முடிந்ததும் காட்டு ஓரத்தில் புல்லைச் செதுக்கிக் கோடு வெட்டச் சொல்வாய். அந்தக் கோட்டைத் தாண்டித் தீ ஊருக்குள் வராது. காட்டு இலாகா கார்டு அதைப் பார்த்துவிட்டு, தன் காட்டில் தீ பிடித்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார். கூலி கிடையாது. கூரைக்குப் புல் அறுத்துக்கொள்ள விடுவார், அவ்வளவுதான். கடுக்காய் வாங்க வருகிற வாணியம்பாடி பாயின் கிடங்கை நாம் காப்பாற்றிய பிறகு, அவர் தோல் வாளிகள் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். விழுந்தால் உடையாது, மலையில் இதைவிடத் தோதான வாளி கிடையாது என்று நீ அதைத் தலையணையாகக்கூட வைத்துப் படுத்தாய்.

மேட்டுச் சரிவில் தீ பிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மாட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று கவுண்டரின் தம்பி வைத்த தீ, கை மீறி இலாகா காட்டுக்குள் போய்விட்டது. நாம்தான் பகல் முழுக்க நின்று அடித்து அணைத்தோம். யார் வைத்தது என்று கார்டு கேட்டார். ஊரே வாயை மூடிக்கொண்டது. நம் ஊரிலிருந்து இலாகா வேலைக்குப் போன வாச்சர் ஒருவன்தான் உள்ளதைச் சொன்னான். அதற்காக அவன் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். நம் ஊரில் தள்ளி வைத்தால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டர் கோலைத் தரையில் ஊன்றிச் சொன்னார்: "நெருப்பு இல்ல, தண்ணி இல்ல, பேச்சு இல்ல." அடுப்புக்கு ஒரு கங்குகூட யாரும் கொடுக்கக் கூடாது. சுனையில் அந்த வீட்டுக் குடம் படக் கூடாது.

அப்புறம் அந்தச் சித்திரை மத்தியானம். வாச்சர் காட்டுக்குள் இருந்தான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வெளியே ஓடி வந்து கத்தினாள். கூரை பிடித்துக்கொண்டது. தப்பட்டை எடுக்க யாரும் போகவில்லை, நீதான் எடுத்து அடித்தாய். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கால்கள் வந்துவிட்டன, மச்சான். நிறைந்த வாளிகளோடு, துறட்டியோடு, நீ பழக்கிய அதே வரிசையில் வந்து நின்றார்கள். யார் வீடு என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கவுண்டர் சொன்னார், "ரெண்டு பக்கத்து வூட்டையும் நனைங்க."

நனைத்தார்கள். இடது பக்கத்துக் கூரையையும் வலது பக்கத்துக் கூரையையும் நன்றாக, நிதானமாக நனைத்தார்கள். நடு வீட்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. சந்துகூட இல்லாத வரிசையில் அப்படி ஊற்றுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும், யோசித்துப் பார். எல்லாம் நீ பழக்கிய கைகள்.

நீ கவுண்டரின் எதிரே போய் நின்றாய். இரைந்து பேசவில்லை. "நெருப்பும் குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? அது உங்களைக் கேக்காமலே வந்துடுச்சே. தண்ணி மட்டும் உங்களைக் கேட்டுக்கினு வரணுமா?"

அப்போதுதான் வாச்சர் பெண்டாட்டி, மூத்த மகள் உள்ளே இருக்கிறாள் என்று அலறினாள். குழந்தைகள் தீயைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நீதான். நீ உள்ளே போனாய். நான் வாளியைப் பிடுங்கி வாசலில் ஊற்றினேன். துறட்டியால் கூரையை இழுத்தேன். நான்கு பேர் இழுக்க வேண்டிய கூரையை ஒருவன் இழுத்தால் எப்படி வரும்? தானியக் கூடைக்குப் பின்னாலிருந்து பெண்ணைத் தூக்கி என் கையில் எறிந்தாய். உத்தரம் உன் மேல் விழுந்த பிறகு உன்னை வெளியே இழுத்தேன்.

வாச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தபோது வீடு இல்லை. ஓடி வந்த வேகத்திலேயே உனக்கு டோலி கட்டினான். நோயாளியைத் தூக்கி மலை இறங்குவதென்றால் வீட்டுக்கு ஒருவர் வந்து தோள் மாற்றுவது நம் வழக்கம். அன்று ஒருவரும் வரவில்லை. தள்ளி வைத்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியதால் நாமும் தள்ளி வைத்தவர்கள் ஆகிவிட்டோமாம். முன்னால் நான், பின்னால் வாச்சர். எங்களுக்கு முடியாதபோது என் தங்கை தோள் கொடுத்தாள். பாதி வழியில் பாய் எதிரே வந்தார். அவர் கழுதைகளை மரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்.

"ஊர்ல ஆம்பளைங்களே இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"இருக்காங்க பாய். நனைஞ்ச கூரை காயுற வரைக்கும் காவல் இருக்காங்க" என்றாள் என் தங்கை.

நீ அந்த வலியிலும் சிரித்தாய். சந்தவாசல் மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். காற்று திரும்பப் போகிறது, மேற்குப் பக்கம் கோடு வெட்டாமல் கிடக்கிறது, போய் அவர்களைக் கூட்டி வெட்டிவிடு என்றாய். யாரை என்று கேட்டேன். "ஊரைத்தான். பயந்தவங்க, மச்சான். அவங்க மேல கோபத்தை வெச்சுக்காதே. எறக்கி வெச்சுடு."

போளூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

எனக்கு உன் மேலும் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள். பயந்தவர்கள் என்றாயே, பயந்தவனுக்குக் கை நடுங்கும். அவர்கள் கை நடுங்கவில்லை. உன் காரியத்துக்கு அவர்கள் எல்லோரும் வந்தார்கள். தள்ளி வைத்ததை யாரும் எடுக்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சு மட்டும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. கவுண்டர் பந்தியில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்களோடுதான் நீ என்னைக் கோடு வெட்டச் சொன்னாய். வெட்டினேன். திட்டிக்கொண்டே வெட்டினேன். காற்று நீ சொன்னபடியே திரும்பியது. அந்தக் கோடையில் காட்டில் எழுந்த தீ அந்தக் கோட்டில் வந்து நின்றது. அன்று பிழைத்த வீடுகளில் கவுண்டர் வீடும் ஒன்று.

அதிலிருந்து இந்தப் படையை நான்தான் இழுத்துக்கொண்டு வருகிறேன். பச்சைத் தழை எந்த மரத்தில் ஒடிப்பது, துறட்டியை எங்கே மாட்டுவது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும்போது, அந்த மத்தியானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாளியைச் சரியாகப் பிடிக்காதவனை மன்னித்துவிடுவேன். யார் வீடு என்று கேட்டவனை அன்றே அனுப்பிவிடுவேன்.

இப்போது மறுபடியும் பங்குனிக் காற்று. வடக்குக் கோடியில் இருக்கிற ஒருத்தி, தன் மகளை மலைக்கு வெளியே சந்தவாசல் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். ஊரைக் கேட்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அவள் வீட்டைத் தள்ளி வைக்கப் போகிறது. அதே மூன்று இல்லைகளைச் சொல்லப் போகிறார்கள். அவள் கூரையும் புல்தான், காய்ந்து சருகாய்க் கிடக்கிறது.

நான் போய்க் கேட்கப் போவது ஒன்றே ஒன்று. பேச வேண்டாமா, பேசாதீர்கள். பந்தியில் வேண்டாமா, வைக்காதீர்கள். அது உங்கள் வீம்பு. தண்ணீரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மாட்டேன் என்றால், அன்றைக்கே நான் சுனையில் குடம் நிரப்பி அவள் வாசலில் கொண்டுபோய் வைப்பேன். வாச்சரும் என் தங்கையும் வருகிறார்கள். படையில் இருக்கிறவர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன், வந்தால் உங்களையும் தள்ளி வைப்பார்கள் என்று. அன்று வலது கூரையை நனைத்தவனின் மகன் முதலில் பதில் சொன்னான். "வெக்கட்டும் பெரிப்பா. படை மொத்தத்தையும் தள்ளி வெக்கட்டும். அப்புறம் அவங்க கூரைய யார் நனைக்கறாங்கன்னு பாக்கலாம்."

அப்படியெல்லாம் பேசக் கூடாது, அவர்கள் கூரையையும் நாம்தான் நனைப்போம் என்று அவனை அதட்டினேன். அதட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

கோபத்தை இறக்கி வைக்கச் சொன்னாய். உன்னைத் தோளிலிருந்து இறக்கினேன். இதை இறக்க என்னால் முடியவில்லை, இறக்கவும் மாட்டேன். தப்பட்டைச் சத்தம் கேட்டால் இந்த முழங்காலோடு எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போகிறேன் என்றால், இந்தக் கோபம் என்னை ஓட வைப்பதால்தான்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் யார் பக்கம் போனது என்பதை அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். தோற்றால் நாலு வரி. ஜெயித்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

உன் மச்சான்