ஏழாவது வளைவில் நிற்கும் ஜீப்

12.11.2007, திங்கள்

தீபாவளிக்கு மூடிய பட்டறையை இன்றுதான் திறந்தேன். முதலில் வந்ததே அந்த வண்டி. சுந்தரலிங்கத்தின் வெள்ளை டர்போ ஜீப். ஆவணியில் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து டிரைவர் அம்மாவாசியின் உயிரை வாங்கிய வண்டி. மதுரையில் தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, புதுமாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

புது டிரைவர் ஜேசுராஜ் சாவியைத் தூர நின்றே நீட்டினான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும்போது, லோயர் கேம்ப் தாண்டி ஏழாவது வளைவில் வண்டி தானாகத் தொய்ந்து நின்றுவிடுகிறதாம். சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஏறுகிறதாம். தீபாவளிக்கு முன் ஓட்டிய நாலு நாளில் மூன்று தடவை. மூன்றும் அம்மாவாசி செத்த இடத்திலேயே.

"அவருதேன் பிடிச்சு நிறுத்துறாருண்ணே" என்றான். சிரித்து அனுப்பினேன். அந்தச் சிரிப்பு அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும்தான் தாங்கியது.

14.11.2007

சின்னமனூர் வரை இரண்டு தடவை ஓட்டினேன். பறக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றினேன். டர்போவில் ஒரு குறையும் இல்லை. இன்ஜின் சுத்தம் என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

இதையேதான் ஆடியில் அம்மாவாசியிடமும் சொன்னேன். மூன்று தடவை வந்தான். "ஆளை ஏத்திக்கிட்டு ஏறுறப்பதேன் மூச்சடைக்குதுண்ணே, வெறும் வண்டியில வராது" என்றான். நான் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, உனக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை என்றேன். அதையும் ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் போன பிறகு ஊர் சொன்னதும் அதுதான் — கியரைத் தவறவிட்டான், வண்டி பின்னால் உருண்டுவிட்டது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார்? இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தேன். அவன் சிரிப்பு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்துவிட்டேன்.

17.11.2007, சனி

மறுபடி நின்றிருக்கிறது. சுந்தரலிங்கம் அந்த வளைவில் சேவல் அறுத்து, பானெட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறார். பறிப்புக்குப் போகும் பெண்கள் பாதிப் பேர் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். பயமில்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவள் ஒருத்திதான். பவுனு, அம்மாவாசியின் பெண்சாதி. வண்டி நிற்கும்போது மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்லிக் கத்துகிறார்களாம். இவள் மட்டும் டேஷ்போர்டில் கையை வைத்து ஏதோ பேசுகிறாளாம்.

ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று மகாலட்சுமி கேட்கிறாள். பெண்டாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது?

19.11.2007

பேய் பிடித்த வண்டி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகுமா? இது இயந்திரம். இயந்திரம்தான்.

22.11.2007, வியாழன்

விடிகாலையில் நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் எட்டுப் பேர். முன்னால் ஜேசுராஜ், பவுனு, நான்.

ஆறாவது வளைவு வரை டர்போவின் விசில் சீராக இருந்தது. பிறகு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்று அளவை மீறினால் ஒரு சின்னக் கதவு திறந்து அதை வெளியே விட வேண்டும். திறக்காவிட்டால் இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். கதவு திறக்கவில்லை என்பது காதுக்கே தெரிந்தது. ஏழில் வண்டி செத்தது. ஜேசுராஜ் பிரேக்கை மிதிக்க, நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

சாவியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். இதுநாள் வரை ஆறிப்போன இன்ஜினைத்தான் திறந்து பார்த்திருக்கிறேன். கொதிக்கக் கொதிக்க, நின்ற இடத்திலேயே திறந்தது இதுதான் முதல் தடவை.

அந்தக் கதவுக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் பென்சில் பருமன் ஓஸ் குழாய், ஆள் சுமையோடு ஏழு வளைவு ஏறிய சூட்டில் இளகி, மடிந்து, நசுங்கிக் கிடந்தது. கறுப்பு டியூப். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் சொட்டுநீருக்குப் போடுகிற டியூப்.

நான் போட்டது.

ஒரிஜினல் ஓஸ் மதுரையிலிருந்து வர நாளாகும். பறிப்பு சீசனில் வண்டி நிற்கக் கூடாது. தோட்டத்து டியூப் அளவெடுத்தது போலப் பொருந்தும். இந்தப் பக்கத்தில் அதை முதலில் போட்டவன் நான்தான். எவ்வளவு பெருமையடித்தேன். இப்போது எல்லாப் பட்டறையிலும் அதுதான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலைக்காற்றில் ஆறி, மெல்ல நிமிர்ந்து, பழையபடி உருண்டையாகிவிட்டது. ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. என் விரல் வெந்திருந்தது பிறகுதான் உறைத்தது.

"அவுகதேனண்ணே?" என்று பவுனு கேட்டாள். நான் பானெட்டை மூடினேன்.

23.11.2007

நாந்தேன். நாந்தேன் கொன்னேன். மூணு தடவ வந்து சொன்னானே. கேட்டேனா?

பின்னால் உருண்ட வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் ஒடித்திருக்கிறான். பதினோரு பேர் பிழைத்தார்கள். பாறை அவன் பக்கம் இருந்தது. அவனுக்கா ஓட்டத் தெரியாது?

27.11.2007

இத்தனை நாளும் வண்டியைப் பட்டறையைவிட்டு நகர்த்தவில்லை. சுந்தரலிங்கம் கத்தித் தீர்த்தார். மதுரையிலிருந்து ஒரிஜினல் ஓஸ் வந்தது. மாட்ட ஐந்து நிமிஷம். பழைய டியூபைக் குப்பையில் போடக் கை வரவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது.

28.11.2007

ஏழாவது வளைவில் நிற்கவில்லை. சேவலுக்குப் பலன் என்கிறார் சுந்தரலிங்கம். நான் வாயைத் திறக்கவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

1.12.2007, சனி

பவுனு பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"நாலு நாளா நிக்க மாட்டேங்குதுண்ணே. அவுகள என்ன பண்ணுனீக?"

டியூபை அவள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மூன்று தடவை வந்தது, நான் சொன்ன சொல், எல்லாம். கொதிக்கும் தண்ணீரில் போட்டு அது இளகி நசுங்குவதையும் காட்டினேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவுக கியரைத் தவற விடல."

"இல்ல ஆத்தா."

"எம்புருசன்தேன் வண்டியில இருக்காகன்னு தெனமும் பேசிக்கிட்டுப் போனேன். அதுவும் இல்லேன்னுட்டீக."

தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். போகும்போது வாசலில் திரும்பி நின்றாள்.

"கேசு கோர்ட்டெல்லாம் வேணாம். எங்கன வச்சு அவுகளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீகளோ, அங்கன வச்சே இதையும் சொல்லுங்க."

3.12.2007, திங்கள்

சொன்னேன். அதே டீக்கடை, ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். டியூபைத் தூக்கிக் காட்டி, அவன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் வண்டிகளிலும் இது இருக்கிறது என்றேன். ஒருவர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் தன் பானெட்டைத் தூக்கினார்.

"ஒம் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியே பாண்டி" என்றார் சுந்தரலிங்கம். ஆமாம்.

11.1.2008

இந்த வாரமும் ஒரு வண்டிகூட வரவில்லை.

19.8.2008, செவ்வாய்

அம்மாவாசி போய் இன்றோடு ஒரு வருஷம்.

பங்குனியிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இப்போதெல்லாம் ஆளோடு மலையேறிப் பார்க்காமல் எந்த வண்டியையும் சரி என்று சொல்வதில்லை. இன்று காலை சுந்தரலிங்கத்தின் ஜீப்பில் போனேன். மாறிப்போன பெண்கள் எல்லாரும் பின்சீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஏழாவது வளைவில் ஜேசுராஜ் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தான். தினமும் இப்படித்தானாம். பவுனு கேட்டுக்கொண்டாளாம். யாரும் கத்தவில்லை. அவள் டேஷ்போர்டில் கையை வைத்தாள், உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அந்த டீக்கடைச் சிரிப்பு கேட்டது. அது எந்த ஓஸை மாற்றினாலும் போகாது.

"நீங்களும் ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லுங்கண்ணே" என்று கையை நகர்த்தி இடம் விட்டாள்.

வைத்தேன். தகரம் சுட்டது.

"கிளட்சை நல்லாத்தேன்டா விட்ட" என்றேன்.

ஜேசுராஜ் சாவியைத் திருப்பினான்.