உன் அம்மா தனியாகப் போட்ட கையெழுத்து

நோர்டால், மினசோட்டா
ஏப்ரல் 19, 1998

அன்புள்ள மகள் ரெனேவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கக் கர்த்தர் துணை செய்யட்டும். ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது, தேவாலயக் கூரையில் ஒழுகிய இடத்தை ஒருவழியாக அடைத்துவிட்டார்கள், நம் கிழட்டு வண்டி இன்னும் ஓடுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

மார்ச்சில் உன்னைக் கூப்பிட்டு, அம்மா இந்த வருஷம் எங்கள் கூட்டு வரிக் கணக்கில் கையெழுத்துப் போடாமல் அடம்பிடிக்கிறாள், நீயாவது புத்தி சொல் என்றேன் அல்லவா? நீயும் எனக்காகப் பரிந்துகொண்டு அவளிடம், "அப்பாவ ஏம்மா இப்படிப் படுத்தற, முப்பத்தோரு வருஷமா போட்டதுதானே" என்று கடிந்துகொண்டாய். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். நான் பக்கத்திலேயே செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடம்பிடித்தது அவள் இல்லை ரெனே, நான்.

நடந்தது இதுதான். போன வருஷம் உன் சித்தப்பா லாயிட், ஈமுக் கோழி விலை தரையில் கிடக்கிறது, இப்போது வாங்கிப் போட்டால் அள்ளலாம் என்றான். ஊரே ஈமுவைக் கைகழுவிக்கொண்டிருந்த நேரம் அது. தானியக் கிடங்கு வேலையில் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்ததில் பெரும்பகுதியை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, மூன்று ஈமு வாங்கி அவன் பண்ணையில் விட்டேன். அவை தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஜனவரியில் அந்தப் பணத்தை எடுத்ததைக் காட்டும் வரித் தாள் தபாலில் வந்தது, அதைத் தூண்டில் பெட்டியில் புழு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வருஷா வருஷம் சமையலறை மேசையில் நான் நிரப்பி வைப்பேன், அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பெயருக்குக் கீழே போடுவாள், வெள்ளிக்கிழமை இருவரும் மீன் வறுவல் சாப்பிடப் போவோம், உனக்குத்தான் தெரியுமே. ஒரு தடவைகூட அவள் படித்துப் பார்த்ததில்லை. இந்த வருஷம் தாள் வரட்டும் வரட்டும் என்று இழுத்துவிட்டு, கடைசியில் வெறும் படிவத்தை நீட்டி, முதலில் நீ போடு, நான் பிறகு நிரப்பிக்கொள்கிறேன் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேல என்ன எழுதப்போறீங்கன்னு தெரியாம கீழ என் பேரைப் போட மாட்டேன் வெர்லின்" என்றாள். அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை அவள் நூலகத்துக்கு வந்தாள். கீழ்த்தளத்தில் வயதானவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்குப் போட்டுத் தருகிறார்கள், உனக்குக் கணக்குப் பாடம் எடுத்த ட்வீட்டன் சார்தான் அங்கே எல்லாம், காபி ஊற்றுகிற வேலை என்னுடையது. அம்மா தன் பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத் தாளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள், என்னிடம் காபி வாங்கி எல்லோரையும் போலத் தேங்க்ஸ் என்றாள். சாருக்குக் காது மந்தம், கத்திதான் பேசுவார். "ரெண்டு பேரும் சேர்ந்து போட்டாத்தானே வரி கம்மி, ஆர்டிஸ், தனியா எதுக்கு? வெர்லின் எங்க?" என்றார். "அதோ காபி ஊத்தறாரு. தாளைக் காட்ட மாட்டேங்கறாரு, வரி கூட வந்தாலும் பரவால்ல சார்" என்றாள். பின்வரிசையிலிருந்து யாரோ, "வரியை ஈமு முட்டையாவே கட்டிரலாம்னு பார்க்கறான் போல" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. என்ன ஈமு என்பது போல என்னைப் பார்த்தாள். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துக் கொடுத்தேன், சத்தம் போடுவாள் என்று பார்த்தால் போடவில்லை. என் கணக்கை நானும் தனியாக எழுதி அவளிடம் நீட்டினேன். வரி வரியாகப் படித்தாள், முடித்ததும் பழக்கத்தில் பேனாவை எடுத்தாள். தனிக் கணக்கில் அவள் கையெழுத்துக்கு வேலையே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள். ரெனே திட்டியபோது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ அப்பாவைப் பத்தி அவகிட்ட நான் எதுக்குக் குறை சொல்லணும்? சொல்லணும்னா நீங்க சொல்லுங்க" என்றாள். இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன், அதுவும் வெட்கக்கேடுதான்.

மாப்பிள்ளை நல்லவர், ஆனாலும் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, அவர் கேட்டால் என் பெயரைச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடு. நான் எடுத்தால் என்னிடம் பேசாதே, அம்மாவிடம் கொடுக்கச் சொல். உன்னை அவளிடம் அப்படிப் பேசவைத்தவன் நான். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அம்மா இதைப் படித்துவிட்டாள், நான்தான் படிக்கச் சொன்னேன். "ஈமு மூணு இல்ல, நாலு. வேலி தாண்டி ஓடிப்போனதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். நாலுதான்.

எப்போதும் கடிதத்தின் அடியில் இருவர் பெயரையும் நானே எழுதிவிடுவேன். இந்தத் தடவை என் பெயர் மட்டும்.

உன் அப்பா,
வெர்லின்