கேன்டீன் பக்கெட்டில் ஒரு குறைச்சல்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுச் சுவரில். சாரல் என்று பேருக்கு நாலு துளி. பால் திரிந்துவிட்டது, காப்பி இல்லாமல் கிளம்பினேன்.

இரண்டாம் ஆண்டு புள்ளியியல், மூன்றாவது மணி. நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். பாடம்: கூறு, அதாவது சாம்பிள், எடுத்து அதை வைத்து மொத்தத்தை மதிப்பிடுவது. புத்தகக் கணக்கு வேண்டாம் என்று கேன்டீன் டோக்கனை எடுத்துக்கொண்டேன். கேன்டீன் சேவியர் அண்ணாச்சி தினமும் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றிலிருந்து வரிசையாக எண் குத்திய சீட்டு கொடுப்பார். ஐந்து சீட்டை மட்டும் பார்த்து, இன்று மொத்தம் எத்தனை சீட்டு கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு வழி: ஐந்தின் சராசரியை இரட்டித்து ஒன்றைக் கழிப்பது. இன்னொரு வழி: ஐந்தில் பெரிய எண்ணையே பிடித்துக்கொள்வது. இந்தப் பெரிய எண் பெரும்பாலும் நிசத்துக்குக் கீழேதான் நிற்கும். அதற்கு ஒரு திருத்தம் உண்டு: அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுக்கிறேன், துறைத்தலைவர் (இனி து.த.) பின்வாசல் வழியாக உள்ளே.

"மேடம், இந்த ரெண்டாவது வழி என்னைக்காவது நிசத்தைத் தாண்டுமா?"

"தாண்டாது சார். ஆனா..."

"மொதல் வழி?"

"சில நேரம் மேல போகும், சில நேரம் கீழ வரும். மொத்தமா சராசரி பாத்தா சரியா நிக்கும்."

"அப்பொ அதைச் சொல்லிக்குடுங்க. குறைச்சலா இருக்குதத எதுக்குப் புள்ளையளுக்குச் சொல்லுதீய?" பிறகு வகுப்பைப் பார்த்து, பைய: "ஆராய்ச்சியப் பாதியில விட்டவங்களுக்குக் குறைச்சல்தான் தோதுப்படும் போல."

சிரித்தார்கள். எண்ணினேன். பத்தொன்பது பேர்.

நான் ஆராய்ச்சியை விட்ட கதை அவருக்குத் தெரியாதா? என் நெறியாளரே அவர்தான். இரண்டு வருஷம் என் வரைவைத் திறந்து பார்க்காமல் மேசையில் போட்டு, மேலே காப்பி டம்ளர் வைத்தவர். அந்த வட்டக் கறை இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அதே நாற்பத்திரண்டு பேர் முன்னால் அவரை நிற்க வைக்க வேண்டும். அவர்கள் சிரிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 10, வியாழன்

வாங்க: து. பருப்பு, சீரகம், கேஸ் அடுப்புக்கு லைட்டர், இவருக்கு பி.பி. மாத்திரை.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. இவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஏட்டி, என்னத்தக் கறுவிக்கிட்டே இருக்க? அவரு ரெண்டு வருசத்துல ரிடையரு. விட்டுத்தள்ளு."

இவருக்கென்ன. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை. எங்கள் துறையின் செய்முறை ஏடு வருஷாவருஷம் இவர் கடையில்தான் டைப் ஆகி, பைண்ட் ஆகி வருகிறது. து.த. போனால் எழுந்து நின்று "வாங்க சார்" என்று சொல்லியே ஆகணும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என்னுடையது வருஷ ஒப்பந்த வேலை, அடுத்த ஜூனில் என்னை மறுபடி எடுப்பார்களா என்பது அவர் கையில் இருக்கிறது, அது தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

விடமாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

சேவியர் அண்ணாச்சியிடம் கேட்டேன். திங்கட்கிழமைச் சீட்டு அத்தனையையும் பக்கெட்டோடு தருகிறாராம்.

"குப்பைக்குப் போறதுதான மேடம். கொண்டு போங்க. பக்கெட்டை மட்டும் திருப்பித் தந்துருங்க, அதுலதான் மோர் கரைக்கணும்."

நல்ல மனுஷன். மோர் இனி குடிக்க மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. முதல் ஐந்து நிமிஷம் கேட்டேன். பிறகு பாட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் பென்சிலால் கணக்கு. ஐந்து ஐந்தாக நாற்பத்திரண்டு கூறு எடுத்தால் இரண்டு வழிகளும் எவ்வளவு சிதறும் என்று. பக்கத்தில் கிளாரா அக்கா எட்டிப் பார்த்து, "மாதர் சங்கக் கணக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

நடந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

மதியம் இரண்டு மணி. பச்சை பக்கெட் நிறையச் சீட்டு. இன்றைய கடைசி எண் 286, அண்ணாச்சி ஒரு தாளில் எழுதி மடித்துத் தந்தார், கடைசி வரை பிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, நன்றாகக் கலக்கி, கண்ணை மூடி ஐந்து எடுத்து, எழுதிக்கொண்டு, திரும்பப் போட்டார்கள். இரண்டு வழியிலும் கணக்கு. சுவரில் சார்ட். புள்ளி வைக்க ஸ்கெட்ச் பேனா எழுதவில்லை. இசக்கியம்மாள் தன் பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை எடுத்தாள், இன்னும் நாலு பிள்ளைகள் எடுத்தார்கள். இரட்டைச் சராசரிக்கு மெரூன் பொட்டு. திருத்தம் செய்த பெரிய எண்ணுக்குக் கறுப்புப் பொட்டு.

முடிவு:
மெரூன்: 131 முதல் 438 வரை சிதறல். சராசரி 281.
கறுப்பு: 168 முதல் 340 வரை. சராசரி 283.
240க்கும் 340க்கும் நடுவில்: மெரூன் 21, கறுப்பு 35.

இரண்டும் சராசரியில் சரிதான். ஆனால் மெரூன் ஊரெல்லாம் சுற்றுகிறது, கறுப்பு வீட்டுப் பக்கமாகவே நிற்கிறது. ஒரு படத்தில் பாடம் முடிந்தது. பதின்மூன்று வருஷத்தில் இத்தனை நல்ல வகுப்பு எடுத்ததில்லை.

இன்னொன்று. ஒன்பது பேருக்கு இரட்டைச் சராசரி நடக்கவே முடியாத விடையைக் கொடுத்தது. கையில் வைத்திருக்கும் சீட்டின் எண்ணைவிடக் குறைந்த மொத்தம். கடைசி பெஞ்சு மைதீன், மேலப்பாளையத்துப் பையன், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வேண்டும். து.த. அப்போது பக்கத்து அறையில் ஏதோ கூட்டத்தில்.

பக்கெட் என் அலமாரியில். மோருக்கு வேறு பாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லியாயிற்று.

ஜூலை 15, செவ்வாய்

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு து.த. அறைக்குப் போனேன். விரித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பொட்டு ஒட்டுததெல்லாம் ஒரு பாடமா மேடம்?"

"சார், நீங்களே ஒரு தடவை வந்து..."

"வாரேன். வியாழக்கெழமை. ஒரே தடவைதான் எடுப்பேன், எனக்கு வேலை கிடக்கு. உங்க வழியா எங்க வழியான்னு அதுலயே பாத்துருவோம்."

ஒரே தடவை.

பஸ்ஸில் வரும்போது பூராவும் அதே யோசனை. நாற்பத்திரண்டு தடவையில் ஜெயிப்பது நான். ஒரு தடவையில் யாரும் ஜெயிக்கலாம். மூன்று வாரமாக வகுப்பில் தொண்டை வற்றச் சொல்வதே இதைத்தானே. அவர் கை வைத்து 285 என்று வந்துவிட்டால்? எனக்கு 190 வந்தால்? பத்தொன்பது பேர் மறுபடி சிரிப்பார்கள், இந்தத் தடவை கூடுதலாகவும் இருக்கும்.

நடக்க முடியாத விடை அவருக்கு விழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. ஐந்தில் ஒன்று போதாது.

கேஸ் வந்தது. லைட்டர் மறந்தேன்.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் நாலரை. ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. காற்றுக்கு ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

71 முதல் 249 வரை உள்ள சீட்டு அத்தனையும் பொறுக்கி எடுத்தேன். நூற்றெழுபத்தொன்பது. பழைய அல்வா டப்பாவில் போட்டு மூடினேன். பக்கெட்டில் மீதி, சின்ன எண்கள் எழுபது, பெரிய எண்கள் முப்பத்தேழு. மட்டம் இறங்கித் தெரிந்தது, அடியில் பழைய நாளிதழைச் சுருட்டி வைத்து மேலே சீட்டைப் பரப்பினேன். இனி சின்ன எண்கள் சராசரியைக் கீழே இழுக்கும், கூடவே ஒரு பெரிய எண் வந்தால் போதும், நடக்க முடியாத விடைதான்: மூன்றில் இரண்டு வாய்ப்பு. இன்னும் எடுத்தால் நாளிதழ் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் சமவாய்ப்பு, சமவாய்ப்பு என்று இத்தனை வருஷம் கத்தியவள்தான். வெட்கம் கொஞ்சம் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

என் வழி தப்பில்லை. சார்ட் நேர்மையான சார்ட். அந்த ஆள் ஒரே தடவை என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. காற்றில் கரும்பலகைத் துடைப்பான் பறந்தது.

பதினொன்றரைக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, கையை மடக்கிவிட்டு பக்கெட்டில் விட்டார். மேலாகத்தான் கலக்கினார். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார், இசக்கியம்மாள் பலகையில் எழுதினாள்.

31, 250, 12, 67, 40.

கணக்கை அவரே போட்டார். கூட்டினால் 400. சராசரி 80. இரட்டித்தால் 160. ஒன்று போக 159. எழுதி, கீழே கோடும் போட்டார். கோடு போட்ட பிறகுதான் கை நின்றது.

கடைசி பெஞ்சிலிருந்து மைதீன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"சார், மொத்தமே நூத்தம்பத்தொம்பது சீட்டுன்னு சொல்லுதீய. உங்க கையில இருநூத்தம்பதாம் நம்பர் இருக்கே, அது யாரு சார் தின்னது?"

சிரிப்பு. இந்த முறை எண்ண வேண்டிய தேவையே இல்லை, எல்லாரும்தான். நான் என் வழியைப் போட்டேன்: 250, அதோடு 50, ஒன்று போக 299. நிசம் 286. கைதட்டல்.

து.த. சாக்பீஸைப் பார்த்தார். பிறகு பக்கெட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

"சரி. மேடம் ஜெயிச்சுட்டாங்க. இதை இந்த வருசச் செய்முறை ஏட்டுல போட்டுருவோம். மேடம் பேரோட."

என் பெயர். ஏட்டில் பதின்மூன்று வருஷமாக வராத பெயர்.

"பக்கெட்டை நானே கேன்டீன்ல குடுத்துருதேன்."

"வேண்டாம் சார், நான்..."

"இருக்கட்டும். தோத்தவன் தூக்கணும்லா."

வராந்தாவில் பச்சை பக்கெட்டோடு அவர் போவதை வகுப்பே எட்டிப் பார்த்தது. நானும். வாழ்க்கையில் இப்படி ஒரு காட்சி எனக்குக் கிடைக்கும் என்று நினைத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ அல்வா. இவர் காரணம் கேட்கவில்லை, தின்றார்.

ஜூலை 18, வெள்ளி

நல்ல தூக்கம். தோசை முறுகலாக வந்தது.

து.த. எதிரில் வந்தார், வணக்கம் சொன்னார். அவராக முதலில். நான் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொன்னேன், வேண்டுமென்றேதான்.

மதியம் கேன்டீனில் சேவியர் அண்ணாச்சி: "மேடம், பக்கெட் இன்னும் வரலையே. ரெண்டு நாள்ல தாரேன்னு சாரு சொல்லிவிட்டாரு. அதுல ஏதோ எண்ண வேண்டியது இருக்காம்."

மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

து.த. அறைப் பக்கம் மூன்று தடவை நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை, தாள் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணினால் எண்ணட்டும். என்னதான் செய்துவிடுவார்? முதல்வரிடம் போவாரா? போனால் அவர் தோற்றதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தன் வாயால் அதைச் சொல்லும் ஆளில்லை.

எடுத்த சீட்டு உள்ள டப்பா இன்னும் என் கைப்பையில்.

ஜூலை 19, சனி

காலையில் மாவு அரைத்தேன். உளுந்து காணாது.

மதியம் இவர் கடையை அடைத்துவிட்டு ஒரே சிரிப்பாக வந்தார். கையில் செய்முறை ஏட்டின் முதல் பிரதி. து.த. நேற்று சாயங்காலம் கடைக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை மட்டும் புதிதாகச் சேர்க்கச் சொன்னாராம்.

"நாந்தான் டைப் அடிச்சேன். ஒம் பேரு போட்டிருக்குட்டி, பெரிய எழுத்துல. இப்பவாவது கறுவுதத விடு. மனுசன் தங்கம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவரே நின்றபடி வாசித்தார். ஒரு வரி விடாமல் இங்கே எழுதுகிறேன்.

"பயிற்சி 7. செய்முறை நடத்தியவர்: திருமதி ஹெப்சிபா. ஒரு கேன்டீனில் 1 முதல் 286 வரை எண்ணிட்ட டோக்கன்கள் வழங்கப்பட்டன. அவற்றை இட்ட பக்கெட்டிலிருந்து எடுத்த ஐந்து: 31, 250, 12, 67, 40. பின்னர் பக்கெட்டைக் கவிழ்த்து எண்ணியபோது, இந்த ஐந்தையும் சேர்த்து 107 டோக்கன்களே இருந்தன. 71 முதல் 249 வரை ஒன்றுகூட இல்லை. அடியில் நாளிதழ் இருந்தது. (அ) இரு வழிகளிலும் மொத்தத்தை மதிப்பிடுக. (ஆ) இது சமவாய்ப்புக் கூறா? காரணம் கூறுக. மதிப்பெண் 10."

இவர் நிமிர்ந்து பார்த்து, "அடியில நாளிதழ் எதுக்குட்டி? கணக்குக்கு அதுவும் வேணுமா?" என்றார்.

வேணும் என்றேன்.

திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டுக்கு ஏடு கொடுக்கிறார்களாம். நாற்பத்திரண்டு பிரதி, எண்ணிக் கட்டி வைத்தாயிற்று. மைதீனுக்கு ஒன்று, இசக்கியம்மாளுக்கு ஒன்று. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் து.த. கையெழுத்து: விடைக்குறிப்பு ஹெப்சிபா மேடம் எழுதித் தர வேண்டும், திங்கள் முதல் மணிக்குள், வகுப்பில் மேடமே வாசிப்பார்.

மாவைப் பொங்க வைத்தேன். துணி எடுத்தேன். உட்கார்ந்தேன்.

(அ) 159, 299.

(ஆ) இல்லை. காரணம்: