விளக்கை அணைத்துவிட்டுச் சொன்ன கதை

என் அருமைத் தங்கச்சி இசக்கிக்கு,

இதை அண்ணனே எழுதுகிறேன். நம்பமாட்டாய். நீ கண்ணை மூடிய பிறகு, தாராவியில் நீ தொடங்கிய சங்கத்திலேயே உன் தோழி செல்வி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். காது கேளாதவள் டீச்சர், காது கேட்கிற கிழவன் மாணவன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் உன் பெயரை எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோபம்.

போன ஞாயிறு மாட்டுங்காவில் சங்கத்துக்கு விழா. வாசலில் கட்டியிருந்த பேனரை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். நிறுவியவர் என்று செம்பூர் முதலாளி ஒருவர் பெயர் இருந்தது. பிற்பாடு கட்டடம் தந்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் அதற்கு முன்னால் தோல் பட்டறை மாடியில், ஒற்றை பல்புக்குக் கீழே, ஞாயிறுதோறும் காது கேளாதவர்களைக் கூட்டியது யார்? போலீஸ் சௌக்கியிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்காக நீ கையால் பேச, நான் வாயால் பேசினேனே, அதெல்லாம் எங்கே போயிற்று?

உள்ளே சங்கத்தின் வரலாற்றைப் படமாகப் போட்டார்கள். போடும் முன் மண்டபத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். கையால் பேசுகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து யாராவது விளக்கை அணைப்பார்களா, தங்கச்சி? திரையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஒரு குரல் மட்டும் கருணை, கருணை என்று சொல்லிக்கொண்டே போனது. யாருடைய கதையோ, அவர்களுக்கே தெரியாமல் ஓடியது.

பக்கத்திலிருந்த செல்வி என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். மாடியில் கரண்ட் போனால் நீங்கள் அப்படித்தானே, கைக்குள் கை வைத்துப் பேசுவீர்கள். நான் என்ன எழுதுவேன்? கதையில் நீ இல்லை என்றா?

எழுந்துபோய் எல்லா சுவிட்சையும் போட்டேன். சங்கத்து மேனேஜர் ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, லைட்டை பந்த் பண்ணுங்க. படம் தெரியாது.”

“ஒமக்குப் படந்தான் தெரியாது. லைட்டு இல்லன்னா இவங்களுக்குப் பேச்சே கெடையாதுவே.”

அதற்குள் செல்வி மேடையேறித் தன் புருவத்தைத் தொட்டாள். பழைய ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் புருவத்தைத் தொட்டார்கள். உன் புருவத் தழும்பை வைத்து அவர்கள் உனக்கு இட்ட பெயர். அது என்ன சாடை என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். சங்கத்தை நடத்துகிறவர் கேட்கிறார்!

“இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சவ பேரு அது,” என்றேன்.

பிறகு செல்வி உன் கதையைக் கையால் சொல்லச் சொல்ல, முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்கு நான் உரக்கச் சொன்னேன், பழையபடி. படம் பாதியில் நின்றது நின்றதுதான். பேனரை மாற்றுவீர்களா என்றால் மட்டும் இன்னும் யோசிக்கிறார்களாம்.

யோசிக்கட்டும். அதில் உன் பெயர் ஏறி, அதை நான் எழுத்துக் கூட்டி வாசிக்கும்வரை விடமாட்டேன். இனி எந்த விழாவானாலும் சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

உனக்கு வாயாக இருந்து, இப்போது எழுதவும் கற்ற அண்ணன்,
சுடலைமுத்து