திருநீறு பட்ட றேடியோ வால்வு

ஒல்லாந்து,
கார்த்திகை, 1934

அன்பு மனைவி சிவக்கொழுந்துக்கு,

நல்லூரான் கிருபையால் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மூக்கு மட்டும் குளிரில் கழன்று விழப் பார்க்கிறது. உன் இடுப்பு நோ எப்படி?

இந்த நாட்டை நம் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டத்துக்குள் ஒளித்து வைக்கலாம். ஆனாலும் றேடியோவுக்குள் எரியும் கண்ணாடி வால்வை இவர்கள் செய்யாவிட்டால் உலகமே ஊமை! இவர்களின் இந்தக் கெட்டித்தனத்துக்குக் காரணத்தைப் போன கிழமைதான் கண்டேன்.

நான் வேலை செய்யும் வால்வுத் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தது. நம் வழக்கப்படி நான் அதற்குத் திருநீறு பூசினேன். அன்று செய்த நானூறு வால்வும் பழுது. உள்ளே ஒரு தூசி போனாலும் அவை செத்துவிடுமாம். வேலை போயிற்று என்று பெட்டியைக் கட்டிவிட்டு மேற்பார்வைத் துரையிடம் போனேன்.

"துரை, உந்த மெசினுக்குத் திருநீறு பூசினது நான்தான்."

"சொன்னது நல்லதாப் போச்சு. இல்லையெண்டால் மாசக்கணக்கிலை தேடியிருப்பம்" என்று கைகுலுக்கி, அதைக் கொப்பியில் எழுதினார். பழுதை ஒளிப்பவனைத்தான் இங்கே துரத்துவார்களாம்.

இப்போது எனக்குப் பழுது கண்டுபிடிக்கும் வேலை. அதற்கு உன்னை எடுத்திருந்தால் ஒல்லாந்து இந்நேரம் சந்திரனுக்கே றேடியோ விற்றிருக்கும்.

தபாற்காரன் வந்துவிட்டான். மிளகாய்த்தூள் அனுப்பு. கூடவே என் பிழைகளை நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அனுப்பு. இங்கே என்னைத் தமிழில் ஏச ஒருவருமில்லை.

உன்
இளையதம்பி